மடிச்சு வச்ச பதில்

பயப்படாதீங்க தம்பி, சேவலு கொத்தாது. சும்மா தலைய நீட்டி வேடிக்கை பாக்குது, அம்புட்டுத்தான். காலக் கட்டித்தான் பைக்குள்ள வச்சிருக்கேன். ஜன்னல் ஓரம் நீங்களே இருந்துக்கங்க, எனக்கு இந்தப் பக்கம் போதும். நான் கல்லுப்பட்டியில எறங்கிருவேன். நீங்க ராஜபாளையமா? சரி சரி.

உங்க போன்ல டவர் காட்டுதா? எனக்கு ஒரு கோடு வருது, போகுது. எழுமலை தாண்டிட்டா இந்த ரோட்டுல இப்படித்தான். இருங்க, இன்னொரு தடவ பாத்துக்கிறேன். ம்ஹூம், சுத்திக்கிட்டே இருக்கு.

என்னையத் தெரியல? உசிலம்பட்டியில பவுன்ராஜ் பந்தல்னு கேட்டுப் பாருங்க. சேரு, பந்தல், மைக்செட்டு, எல்லாம் நம்மதுதான். இப்ப மகன் பாத்துக்கிறான். ஆனா நான் அதைக் கேக்கல. போன்ல ‘கோழிக்கூடம்’னு ஒன்னு இருக்கே, பாத்ததில்லையா? நாட்டுக்கோழி வளக்குறவுகளுக்குன்னே உள்ள தளம். ஒருத்தர் கேள்வி கேப்பாக, தெரிஞ்சவுக பதில் எழுதுவாக. பதிலுக்குக் கீழ ரெண்டு பொத்தான். ஒன்னு ‘நன்றி’, இன்னொன்னு ‘பயனில்லை’. நன்றி சேரச் சேர நம்ம பேருக்குப் பக்கத்துல பட்டம் ஏறிக்கிட்டே போகும். புதுசா வர்றவன் முட்டை. அப்புறம் குஞ்சு. அப்புறம் சேவல். அதுக்கும் மேல போனா பேருக்குப் பக்கத்துல செவப்பா ஒரு கொண்டை வச்சு விடுவாய்ங்க. தமிழ்நாடு பூராவுக்கும் கொண்டை வச்ச ஆளுகளை விரல் விட்டு எண்ணிரலாம். அதுல ஒருத்தன் இந்தா உங்க பக்கத்துல சேவலும் பையுமா ஒக்காந்திருக்கான்.

சிரிக்காதீங்க. அது லேசுப்பட்ட காரியம் இல்ல.

மொதல்ல நானும் எல்லாரையும் போலத்தான் இருந்தேன். பதில் எழுதுவேன், ஒருத்தன் ரெண்டு பேரு நன்றி அழுத்துவான், அதோட போயிரும். ஒருநாள் பொட்டுன்னு வெளங்கிருச்சு. அட, இது மொய்யில்லையா! நான் எத்தனை விசேஷத்துக்குப் பந்தல் போட்டிருக்கேன், எத்தனை விசேஷத்துல மைக்கைப் பிடிச்சு மொய் வச்சவுக பேரை வாசிச்சிருக்கேன். எங்க ஊர்ப் பக்கம் ஒருத்தர் நம்ம வீட்டு விசேஷத்துக்கு வந்து செஞ்சிட்டா, அவுக வீட்டுக்கு நாம போய்த் திருப்பிச் செஞ்சே ஆகணும். செய்யலன்னா அப்புறம் அவன் மனுஷனே இல்ல. இதைப் புரிஞ்சுக்காமத்தான் அம்புட்டுப் பேரும் கோழிக்கூடத்துல சும்மா எழுதிக்கிட்டு முட்டையா கெடக்குறாய்ங்க.

ஒவ்வொருத்தன் பதிலாப் போயி நன்றிய அழுத்தினேன். படிச்சேனான்னு கேக்காதீங்க. மொய் வைக்கிறவன் சாம்பாருல உப்பு இருக்கான்னு பாத்துட்டா வைக்கிறான்? அழுத்திட்டு, தனியா ஒரு சேதி: ‘உங்களுக்கு வச்சிருக்கேன், நம்மளுக்கும் வாங்க.’ வந்தாய்ங்க தம்பி! திண்டுக்கல்லுல இருந்து வந்தாய்ங்க, நாமக்கல்லுல இருந்து வந்தாய்ங்க. அவய்ங்களையெல்லாம் சேத்து வாட்ஸ்அப்ல ஒரு குழு. பேரு ‘செய்முறை’, மொய் செய்யிறதை எங்க பக்கம் அப்படித்தான் சொல்றது. எவன் பதில் எழுதுனாலும் அதைக் குழுவுல போடணும், எல்லாரும் போயி அழுத்திட்டு வரணும். அவ்வளவு ஒத்துமை. பத்தாததுக்கு நம்ம மைக்செட் பயலுக பேர்லயெல்லாம் கணக்கு ஆரம்பிச்சு வச்சேன். செத்துப்போன எங்க அப்பா பேர்லகூட ஒன்னு இருக்கு, அதையும் அந்தப் பயலுகதான் பாத்துக்கிறாய்ங்க. உசுரோட இருந்தவரைக்கும் அந்த மனுஷன் நான் செஞ்ச ஒரு காரியத்தைச் சரின்னு சொன்னதில்ல. இப்ப டெய்லி நன்றி சொல்றாரு.

பதிலா? பதில் யாரு எழுதுவா, நாந்தான் எழுதுவேன். அதாவது, எவனாச்சும் கேள்வி போடுவான், அடைக்கு வச்ச கோழி முட்டைய விட்டு எந்திரிச்சுப் போகுதே, என்ன செய்யன்னு. நான் அடுப்படியப் பாத்து, ‘ஏ பஞ்சவர்ணம், அடைக்கோழி எந்திரிச்சுப் போகுதாம், என்னவாம்?’ அப்படிம்பேன். பஞ்சவர்ணம் நம்ம வீட்டுக்காரி. அவ மாவு பிசைஞ்சுக்கிட்டே, ‘செல்லுப்பூச்சி பிடிச்சிருக்கும், கூடையில வேப்பிலையப் போடச் சொல்லுங்க, வெளிச்சம் படாத மூலையில வைக்கச் சொல்லுங்க’ன்னுவா. நான் அதை நல்ல தமிழ்ல ஐயா அம்மான்னு மரியாதையா எழுதுவேன். எழுத்துத்தானே தம்பி முக்கியம்? கோழியப் பாத்துக்கிறது யாருன்னா வேணா பாத்துக்கலாம். அவ கல்யாணமாகி வரயில அவுக ஊர்ல இருந்து ஒரு கோழியக் கூடையில கொண்டாந்தா. அதோட வம்சந்தான் எங்க வீட்ல அலையிற அம்புட்டும். வேற எடத்துக் கோழிய உள்ள விட மாட்டா. எரை போடுறது, அடை வைக்கிறது, கூடு கூட்டுறது எல்லாம் அவதான்.

அவகிட்டக் கேக்காம நான் சொந்தமா எழுதுனதும் இருக்கு. கழிச்சலுக்கு மூலிகை உருண்டை. நானே யோசிச்சு, அங்கன இங்கன பாத்து எழுதுனது. எந்தக் கழிச்சலா இருந்தாலும் உருண்டைய உருட்டிக் குடு, மருந்தகத்துக்குப் போற வேலையே இல்ல, கோழிய ஆஸ்பத்திரிக்குத் தூக்குறவனுக்குக் கோழி வளக்கவே தெரியாதுன்னு ஒரே போடாப் போட்டேன். அதுக்கு விழுந்த நன்றி இருக்கே! அதுலதான் தம்பி எனக்குக் கொண்டையே வந்துச்சு.

இந்த எடத்துலதான் ஜெசிந்தா வருது.

கல்லுப்பட்டி ஜெசிந்தா. தையல் கடை வச்சிருக்காம், வீட்டுக்குப் பின்னாடி கோழியும் நிக்கிதாம். நானும் அது எழுதுனதுக்கெல்லாம் போயி நன்றி அழுத்திட்டு வந்திருக்கேன். திருப்பி ஒன்னு? ஒன்னே ஒன்னு? கெடையாது. சரி, மறந்திருக்கும்னு தனியா ஒரு சேதி போட்டேன், ‘என்ன தங்கச்சி, அண்ணன் வீட்டுப் பக்கமே காணோம்’னு. அதுக்கு அது என்ன எழுதுச்சு தெரியுமா? ‘உங்க பதில் எனக்கு இன்னும் பயன்படல அண்ணே. பயன்பட்டா அழுத்துறேன்.’

எப்படி இருக்கு? எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து பந்தியில ஒக்காந்து சாப்பிட்டுட்டு, உங்க வீட்டுச் சாப்பாடு எனக்குப் பிடிச்சாத்தான் மொய் வைப்பேன்னு சொன்னா, நீங்க விட்டுருவீங்களா?

அதோட விட்டுச்சா? உருண்டை எழுதுன எடத்துல வந்து நாலு பேரு பாக்க எழுதுது: ‘எல்லாக் கழிச்சலும் ஒன்னு இல்ல. எச்சத்தைப் பாத்துத்தான் சொல்லணும். இதை நம்பிக் குஞ்சுகளைச் சாக விட்றாதீங்க.’ எனக்கு ஒடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. கொண்டை வச்ச ஆளு நானு, அது வெறும் குஞ்சு. குழுவுல ஒரு வார்த்தைதான் சொன்னேன். கல்லுப்பட்டியில இருந்து என்ன வந்தாலும், கல்லுப்பட்டியச் சேந்தவுக யாரு எழுதுனாலும், பயனில்லைய அழுத்துங்கப்பான்னேன். அழுத்துனாய்ங்க. எங்க அப்பாவும் அழுத்துனாரு.

பயனில்லை நெறைய விழுந்தா என்னாகும்னா, அவுக எழுதுற பதிலைத் தளமே மடிச்சு வச்சிரும். ‘இந்தப் பதில் மடிக்கப்பட்டுள்ளது, பார்க்க இங்கே அழுத்தவும்’னு ஒத்தை வரி மட்டும் சாம்பக் கலர்ல தெரியும். எவன் போயி அழுத்துவான்? அன்னையில இருந்து ஜெசிந்தா எழுதுறது பூராவும் சாம்பக் கோடுதான். நிம்மதியா இருந்துச்சு.

இருங்க, வண்டி நிக்கிது. டவர்... இல்ல. நீங்க பாருங்களேன். உங்களுக்கும் இல்லையா?

எதுக்கு இம்புட்டுத் தடவ பாக்குறேன்னு நெனைக்கிறீங்க. சொல்றேன்.

இந்த ஐப்பசியில மகளுக்குத் திருப்பூர்ல பேறுகாலம். பஞ்சவர்ணம் அங்க போயிட்டா. போகும்போது வாசல்ல நின்னு ஒன்னே ஒன்னுதான் சொன்னா: ‘குஞ்சுக நெறைய எறங்கியிருக்கு, மழை வேற. கூட்டுக்குள்ள ஈரம் தங்க விட்றாதீங்க. ஏதாவது ஒன்னு சொணங்கி ஒக்காந்தா எனக்குப் போனப் போடுங்க.’ எனக்கே சொல்றா பாருங்க! சரி சரின்னு அனுப்பி வச்சேன்.

மழை பிடிச்சுக்கிருச்சு. நானும் கூடத்துல பிஸி. மழைக்காலம்னா கேள்வி குமிஞ்சிரும்ல? ஒருநாள் கூட்டைத் தெறந்தா, அஞ்சாறு குஞ்சு ரெக்கையத் தொங்கப் போட்டுக்கிட்டு, கண்ண மூடி மூடி நிக்கிதுக. கீழ எச்சம்.

பஞ்சவர்ணத்துக்குப் போனப் போடலாம்னு எடுத்தேன். புள்ளை பெத்த வீட்ல எதுக்கு அவளைக் கலவரப்படுத்தணும்னு வச்சிட்டேன். கூடத்துல கேக்கலாம்னா, கொண்டை வச்சவன் போயி ‘எங்க வீட்டுக் குஞ்சுக்கு என்னமோ ஆகுது, சொல்லுங்க’ன்னு கேள்வி கேக்க முடியுமா? நாளைக்கு எவன் மதிப்பான்? யோசிச்சேன். நல்லா ஒரு படம் எடுத்தேன். எடுத்து, ‘உறுப்பினர்களுக்கு ஒரு போட்டி! படத்தைப் பார்த்து நோயைச் சொல்லுங்கள்’னு போட்டுவிட்டேன். எப்படி நம்ம மூளை?

அப்படியே குமிஞ்சிருச்சு தம்பி. ‘அருமையான போட்டி ஐயா’, ‘இதுபோல வாரம் ஒன்று வையுங்கள் ஐயா’, ‘தங்கள் சேவை தொடரட்டும்’. நன்றி, நன்றி, நன்றி. பதில் சொன்னவன் அத்தனை பேரும் வெள்ளைக்கழிச்சல்னான். ஏன்னா என் உருண்டையப் பத்தின பதில்ல நான் பெருசா எழுதுனது அதைத்தானே? கடைசியில ஒரு சாம்பக் கோடு கெடந்துச்சு. அதை யாரு தெறக்குறா? உருண்டைய உருட்டினேன், குடுத்தேன்.

எச்சம் செவப்பாத்தான் இருந்துச்சு, அதை நான் இல்லைங்கல. படத்துல கலர் சரியா விழலன்னு நெனச்சேன். நேர்ல பாக்கும்போதும் செவப்பாத்தான் இருந்துச்சு. இருந்தாலும், அத்தனை பேரு வெள்ளைக்கழிச்சல்னு சொல்லும்போது நம்ம கண்ணை மட்டும் நம்ப முடியுமா?

அடுத்த நாளு பாதி போச்சு. அதுக்கு அடுத்த நாளு கூட்டுல சத்தமே இல்ல. தொடர்ந்து உருண்டை குடுத்தேனே தம்பி, ஒரு வேளை தவறல. இந்தச் சேவலு பெரிய உருப்படி, தப்பிச்சிருச்சு. குஞ்சுல ரெண்டே ரெண்டு மட்டும் மூச்சு விட்டுக்கிட்டு ஓரத்துல கெடந்துச்சு. அன்னைக்குத்தான் அவ திருப்பூர்ல இருந்து வந்து எறங்குறா.

வந்தவ பையக்கூட எறக்கி வைக்கல. நேரா கூட்டுக்குத்தான் போனா. குனிஞ்சு பாத்தா. எச்சத்தை ஒரு குச்சியால கிண்டிப் பாத்தா. ‘எதுக்கு எனக்குச் சொல்லல?’ன்னா. நான், ‘எல்லாம் கேட்டாச்சு பஞ்சவர்ணம், தமிழ்நாடே பாத்துச் சொல்லிருக்கு’ன்னு போனைக் காட்டினேன். அவ கையில வாங்கி ஒவ்வொன்னாத் தள்ளிக்கிட்டே வந்தா. அவளுக்குப் போன் பாக்கத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? என்னையவிட நல்லாத் தெரியும். கடைசியில சாம்பக் கோட்டுல வந்து நின்னா. அழுத்தினா. விரிஞ்சுச்சு.

சத்தமாத்தான் வாசிச்சா. ‘அண்ணே, இது போட்டியா, இல்ல உங்க வீட்டுக் குஞ்சுகளா? உங்க வீட்டுதுன்னா போட்டிய விட்டுட்டு உடனே கால்நடை மருந்தகத்துக்குப் போங்க. எச்சத்துல ரத்தம் இருக்கு, இது ரத்தக்கழிச்சல். தண்ணியில கலந்து குடுக்க மருந்து இருக்கு, இன்னைக்கே குடுத்தா பெரும்பாலும் பொழச்சுக்கும். ஈரத்தை அள்ளிக் கொட்டிட்டு உமிய மாத்துங்க. சந்தேகம்னா கூப்பிடுங்க.’ கீழ நம்பர் போட்டிருந்துச்சு. நான் போட்டி வச்ச அன்னைக்கே எழுதியிருக்கு தம்பி. ஒரு மணி நேரங்கூட ஆகல.

‘அது மடிச்சிருந்துச்சு புள்ள’ன்னேன்.

‘மடிச்சிருந்தா விரிக்கத் தெரியாதா? பீரோவுல இருக்க சேலையெல்லாம் விரிச்சா இருக்கு?’ன்னா.

அதோட விட்டிருக்கலாம். என் பேரைத் தொட்டு, நான் எழுதுன பழைய பதிலையெல்லாம் பாக்க ஆரம்பிச்சிட்டா. ‘இது நான் சொன்னது. இதுவும் நான் சொன்னது. இது அடுப்படியில வச்சு நான் சொன்னது’ன்னு ஒவ்வொன்னாச் சொல்லிக்கிட்டே வர்றா. ஒவ்வொன்னுக்கும் கீழ நன்றி குமிஞ்சு கெடக்கு. ‘இத்தனை பேரு சொல்லியிருக்காக. நீங்க ஒரு நாளு, ஒரு வார்த்தை எங்கிட்டச் சொன்னீங்களா?’ன்னா. நல்லா இருக்கு தம்பி கதை! பொண்டாட்டிக்கு எவனாச்சும் நன்றி சொல்வானா? நீங்க சொல்வீங்களா?

...சொல்வீங்களா? சரி, நீங்க டவுன்ல இருக்கவுக.

அப்புறம் அவ அழுதா. கோழிக்காக அழுறான்னுதான் நான் நெனச்சேன். அவுக அம்மா வீட்டு வம்சமாச்சே. மறுநாள் காலையில அந்த நம்பருக்குப் போனப் போட்டுப் பேசுனா. ரெண்டு குஞ்சையும் கூடையில துணி போட்டு வச்சுக்கிட்டு கல்லுப்பட்டிக்கு, அந்த ஜெசிந்தா வீட்டுக்கே பஸ் ஏறிட்டா. ‘எப்ப வருவ?’ன்னேன். ‘குஞ்சு தேறட்டும்’னா. கோபமெல்லாம் இல்ல தம்பி. எங்க வீட்ல சண்டையே கெடையாது. தீபாவளியும் போயிருச்சு, குஞ்சு தேறுறதுக்கு இம்புட்டு நாளா ஆகும்? போன் போட்டா, மகன்கிட்டப் பேசுறா, எங்கிட்டப் பேச மாட்டேங்கிறா. அதான், இந்தச் சேவலு அவ போனதுல இருந்து எரை எடுக்கல, அவகிட்டக் காட்டிட்டு வருவோம்னு கெளம்பிட்டேன். சேவலுக்காகத்தான் போறேன். வேற ஒன்னுமில்ல.

ஒரே ஒரு பயம் மட்டும் இருக்கு. அந்தத் தையக்கார அம்மா முகத்துல முழிக்கணும்ல. ஏன் அது எனக்கு ஒரு போனைப் போட்டுச் சொல்லக் கூடாதா? பதிலை எழுதிட்டா ஆச்சா? மனுஷனுக்கு மனுஷன் ஒரு...

இருங்க இருங்க. வந்திருச்சு, பேரையூர் டவர். நாலு கோடு. அப்பாடா.

பாருங்க, செய்முறைக் குழுவுல எத்தனை சேதி. ‘அண்ணே, கல்லுப்பட்டியில இருந்து புதுசா ஒரு முட்டை எழுதியிருக்கு, எல்லாரும் போயி அழுத்தியாச்சு.’ நல்ல பயலுக. சொன்ன சொல்லைக் காப்பாத்துறாய்ங்க. இருங்க, யாருன்னு பாப்போம்.

சாம்பக் கோடு. பேரு... பஞ்சவர்ணம்.

எங்க பஞ்சவர்ணமா இருக்காது. அந்த ஊர்ல எத்தனையோ பஞ்சவர்ணம் இருக்கும். படம் இருக்கு. தம்பி, அந்தக் கூடை எங்க வீட்டுக் கூடை.

யாரு யாரு பயனில்லை அழுத்தியிருக்கான்னு காட்டுது. நாமக்கல்லு. திண்டுக்கல்லு. நம்ம மைக்செட் பயலுக. எங்க அப்பா. அடப்பாவிகளா, அது அவரு மருமகடா.

நான் விரிக்கிறேன். இருங்க, வேற எடத்துல அழுத்திட்டேன். வண்டி குலுங்குதுல்ல, அதான்.

‘வணக்கம். நான் புதுசு. ரத்தக்கழிச்சல் வந்த குஞ்சு ரெண்டு பொழச்சுக்கிச்சு. எப்படிப் பாத்தோம்னு ஜெசிந்தா எழுதச் சொன்னாங்க, எழுதுறேன்.’ மருந்தைப் பத்தி எழுதியிருக்கா. உமியப் பத்தி எழுதியிருக்கா. பேச்சு மாதிரியே எழுதியிருக்கா, ஐயா அம்மான்னு ஒன்னும் போடல. கடைசியில... ‘எங்க வீட்ல ஒரு சேவல் நிக்கிது. எரை எடுக்கலன்னு மகன் சொன்னான். பழைய தண்ணிய அது குடிக்காது. தெனமும் தண்ணி மாத்தி வைக்கணும், வீட்ல இருக்கவுக யாராச்சும் இதைப் படிச்சா.’

யாராச்சும் படிச்சாவாம்.

நன்றிய அழுத்திட்டேன். ஒன்னு. ஒன்னு வந்து என்னத்துக்கு ஆகும், அத்தனை பயனில்லைக்கு முன்னாடி? இது விரியணும்னா நெறையப் பேரு அழுத்தணும். தம்பி, உங்க போனக் குடுங்க, ஒரு கணக்கு ஆரம்பிச்சுத் தர்றேன். பேரு, நம்பர் போட்டாப் போதும். ஒரு அழுத்து. எங்க வீட்டுக்காரிக்காக. அந்தக் கண்டக்டர்கிட்டயும் கேக்குறேன், பின்னாடி சீட்டுல இருக்கவுககிட்டயும்...

என்ன சொன்னீங்க?

உங்களுக்குக் கோழியே கெடையாதா. அதைப் படிச்சு உங்களுக்கு ஒரு பயனும் இல்லையா. பயன்படாம எப்படி அழுத்துறதுன்னா கேக்குறீங்க?

சரி.

சரி தம்பி. வேணாம், போன் வேணாம். உள்ள வச்சுக்கங்க.

அந்தத் தண்ணி பாட்டிலை மட்டும் ஒரு நிமிஷம் குடுங்க. மூடியில ஊத்துங்க, நான் இதைப் பிடிச்சுக்கிறேன். மெதுவா. கொண்டை மேல சிந்தாம.

குடிக்குது பாருங்க. எம்புட்டுத் தாகமா இருந்திருக்கு.